ஒரு பட்டி அளவு நிலம்

“எந்தக் கம்பெனிம்மா நீ?”

கேள்வி என் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் பறவை எழுந்துவிடும். இடக்கையை மட்டும் உயர்த்தி, சற்றுப் பொறுங்கள் என்பதுபோல் அசைத்தேன். அந்தச் சைகைதான் நிலைமையை மோசமாக்கியது.

“பாத்தியா, கையக் காட்டுது! அந்தப் பக்கம் இன்னொருத்தன் கம்பு புடிச்சிக்கிட்டு நிப்பான். போயிப் பாருங்கடா!”

வைகாசி வெயில். உளுந்து பறித்து முடித்த வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் வரப்போரம் மடக்கு நாற்காலியில் நான். தலைக்கு மேல் கறுப்புக் குடை, எதிரே மூன்று கால்களில் ஒரு கருவி, மடியில் மணியும் நிமிடமும் நெருக்கமாக எழுதிய குறிப்பேடு.

சென்ற வாரம் இத்தொடரில் கல்லூரி நூலகத்தின் கடைசி மேசையில் என்னை விட்டுச் சென்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இது அதற்கடுத்த கோடை. முதுகலைத் தமிழ் இலக்கியத்தில் முதலாண்டு முடிந்திருந்தது. தஞ்சாவூரில் எங்கள் மொட்டைமாடி கொதித்துக்கொண்டிருந்தது. நன்னிலத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கும் ஸ்டெல்லா அத்தை வீட்டில் தங்கி, விடுமுறை முழுவதும் படம் எடுப்பது என்று போயிருந்தேன். அத்தை அப்பாவின் தங்கை. அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மாமா குவைத்தில் இருக்கிறார்.

முதலில் முக்காலி, பிறகு கல்

எங்கள் பகுதியில் வயலுக்குள் கருவி தாங்கிய முக்காலியைக் கண்டால் ஊர் கூடிவிடும். காரணம் உண்டு. முதலில் முக்காலி வரும். பிறகு சிவப்புச் சாயம் பூசிய கல் வரும். அதன் பிறகு வருவது நோட்டீஸ். ஒருமுறை குழாய் பதிக்க என்றார்கள். இன்னொருமுறை சாலைக்கு என்றார்கள். எதற்கு என்றே சொல்லாமல் அளந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அதனால் நிலத்துக்கான சிட்டா, அடங்கல் ஆவணங்களை நகலெடுத்துப் பிளாஸ்டிக் பைக்குள் தயாராக வைத்திருப்பது இங்கே குடும்ப வழக்கம்.

நில அளவையாளர்களும் தங்கள் கருவிக்குக் குடை பிடிப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பூப்போட்ட குடையாக எடுத்துப் போயிருப்பேன்.

கறிவேப்பிலைக்குப் பெண் பார்த்த கதை

கேமரா என் அண்ணனுடையது. சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வாங்கிவந்தான். அவன் அதில் எடுத்தவற்றுள் பெரும்பகுதி அவனே. அலுத்துப்போய் என்னிடம் தந்தபோது, தொலைவை அருகே இழுக்கும் ஜூம் லென்ஸ் ஒன்றும், சிறியதைப் பெரிதாக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்றும் உடன் வந்தன. மேக்ரோவின் உறையை அவன் பிரித்திருக்கவே இல்லை.

அந்த விடுமுறையின் முதல் இரண்டு வாரங்கள் நான் அத்தை வீட்டுக் கொல்லையைத் தாண்டவில்லை. முருங்கைப் பிசினில் கால் சிக்கிய எறும்பு. குழாய் வாயில் விழலாமா வேண்டாமா என்று தொங்கும் துளி, அதற்குள் தலைகீழாக அத்தையின் சமையலறை. துணிக்கொடியில் அமரும் தட்டானின் கண், அதில் ஆயிரம் அறுகோணங்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்பவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அதிகம் பேசாத எனக்கு அது வசதியாக இருந்தது.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு பச்சைப் புழு இருந்தது. பட்டாம்பூச்சியாகப் போகும் புழு. நான் அதன் எதிரே மணிக்கணக்கில் குந்தியிருந்தேன்.

“ஏண்டி ஜெனி, ரெண்டு இணுக்கு பறிச்சிட்டு வாடின்னா, அதுக்குப் பொண்ணு பாக்கப் போனவ மாதிரி உக்காந்திருக்க?” என்று உள்ளிருந்து அத்தை கேட்டாள்.

“அந்தக் கிளையத் தொடாதீங்க அத்தை. கூட்டுப்புழு ஆகப் போகுது.”

“ஆகட்டும். ரசத்துக்குத் தாளிக்க நான் எங்க போறது?”

ஆறு நாள் தாளிப்பில் வெறும் கடுகுதான். ஏழாம் நாள் கூடு காலியாக இருந்தது. பட்டாம்பூச்சி வெளிவந்த கணத்தை நான் தவறவிட்டேன். அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடை எனக்குப் பழக்கப்போகும் ஒன்றின் முதல் பாடம் அது என்று இப்போது தோன்றுகிறது.

கல்லூரியில் எங்கள் துறை வராந்தாவில் ஆண்டுதோறும் மாணவர் எடுத்த படங்களை மாட்டுவார்கள். எனக்கு நான்கு சட்டங்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். தலைப்பை முன்கூட்டியே தரவேண்டும். ‘ஒரு பிறப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பட்டாம்பூச்சி ஏமாற்றிவிட்டது. வேறு பிறப்பு ஒன்று வேண்டும்.

மண்ணின் நிறத்தில் நான்கு

அத்தையின் தென்னந்தோப்பை ஒட்டி, பேருந்துச் சாலை வரை நீள்வது கோவிந்தராசு என்பவரின் வயல். ஒருநாள் காலை அதன் குறுக்கே நடந்தபோது ஒரு பறவை என் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஆள்காட்டி. ஊர்வாயில் ஆக்காட்டி. ஆள் வருவதை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் பறவை அத்தனை கத்தினால், மறைக்க ஏதோ இருக்கிறது என்று பொருள். நின்ற இடத்தில் நின்று கண்ணால் மட்டும் தேடினேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு, என் செருப்பிலிருந்து மூன்றடித் தொலைவில் நான்கு முட்டைகள் தெரிந்தன.

கூடு என்று ஒன்றும் இல்லை. ஒரு சிறு குழி, நாலைந்து மண்கட்டிகள். காய்ந்த சேற்றின் நிறத்தில், கருந்தீற்றல்களோடு, கூர்முனைகள் உள்நோக்கியிருக்க, நான்கும் ஒரு பூவின் இதழ்கள்போல் கூடியிருந்தன.

மறுநாள் நண்பகலில் மேக்ரோ லென்ஸுடன் போனேன். அத்தீற்றல்களை நெருக்கத்தில் எடுக்க வேண்டும் என்று ஆசை. பறவை எழுந்து கத்தியது. நான் குனிந்து, வெளிச்சம் சரிபார்த்து, மூச்சடக்கி, நிதானமாக எடுத்தேன். எல்லாவற்றையும் குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால் எத்தனை நேரம் ஆயிற்று என்றும் குறித்தேன். பதினொரு நிமிடம்.

விலகி வரப்பில் வந்து அமர்ந்த பிறகுதான் பறவை செய்ததைக் கண்டேன். அது நேராக முட்டைக்குப் போகவில்லை. அத்தையின் போர்செட் தொட்டி அருகே தேங்கியிருந்த நீரில் இறங்கி, வயிற்றை அழுத்தி நனைத்து, சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகளின் மேல் அமர்ந்தது. மீண்டும் போயிற்று. மீண்டும் நனைத்துவந்தது. அந்த வெயிலில் அது முட்டைகளைச் சூடாக்க உட்காரவில்லை. அவை வெந்துவிடாமல் குளிர்விக்க உட்கார்ந்திருந்தது. நான் பதினொரு நிமிடம் அந்த நிழலைத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன்.

அன்று எடுத்தது நல்ல படம். அதைப் பார்க்கும்போது இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த எண்தான்.

அதன் பின் நாற்பது தப்படிக்கு இப்பால் வரப்போரமாக நாற்காலி, குடை, முக்காலி, ஜூம் லென்ஸ். பறவை எப்போது எழுகிறது, எப்போது நனைகிறது, ஆணும் பெண்ணும் எப்போது முறை மாற்றுகின்றன என்று நாள் தவறாமல் எழுதினேன். இப்படிப் பத்து நாள் கழிந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“சொல்லும்மா, எந்தக் கம்பெனி?”

கேட்டவர் கோவிந்தராசு. மடித்துக் கட்டிய கைலி, தோளில் பச்சைத் துண்டு, கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடன் இருவர். பத்து நாளாக முக்காலியைப் பேருந்திலிருந்து பார்த்தவர்கள் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

பதில் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. மனத்துக்குள் வாக்கியம் முழுமையாக அமையாமல் பேசத் தொடங்குவது எனக்கு இயலாத காரியம்.

“நோட்டுல பாருண்ணே,” என்றார் உடன் வந்தவர். “‘ஒன்பது பத்து, எழுந்தது. ஒன்பது பதினாலு, அமர்ந்தது’ன்னு எழுதியிருக்கு. நம்மள வேவு பாக்குதா?”

அதற்குள் தோப்பிலிருந்து அத்தை, கையில் கரண்டியோடு வந்துவிட்டாள்.

“என்ன கோயிந்தராசண்ணே, எங்க அண்ணன் பொண்ணப் போயி மறிச்சிக்கிட்டு?”

“டீச்சர்! ஒங்க அண்ணன் பொண்ணா? இது ஏன் என் வயல அளக்குது?”

“அவ எங்கண்ணே அளக்கப் போறா? ரசத்துக்கு உப்பு அளக்கத் தெரியாது அவளுக்கு.”

நான் எழுந்து, நாற்காலியை அவருக்குக் காட்டினேன். அவர் சந்தேகத்தோடு அமர்ந்து கேமராவின் கண்ணில் கண்ணை வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்தார்.

“அட, ஆக்காட்டி!” என்றார் கடைசியில். “தெனம் பாக்குறதுதான். கண்ணச் சுத்திச் செவப்பா மை தீட்டுன மாதிரி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியுது.” பிறகு பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். “இதுக்காடா என்னை சோத்துலேருந்து எழுப்பிக் கூட்டியாந்தீங்க?”

மூவரும் சிரித்தபடி வரப்பேறினார்கள். போகிற போக்கில் அவர் சொன்னார்: “சீக்கிரம் எடுத்து முடிச்சிக்கம்மா. நாளையிலேருந்து இந்த வயல்ல கிடை போடுறேன்.”

நானூறு ஆடுகள்

கிடை என்பதை நகரத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டும். கோடையில் இராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் எங்கள் பகுதிக்கு வரும். பகலில் மேய்ந்த ஆடுகளை மாலையில் வயலில் வலை கட்டி அடைப்பார்கள். அந்தச் சதுரத்துக்குப் பட்டி என்று பெயர். ஓர் இரவு ஒரு சதுரம், மறு இரவு அடுத்த சதுரம். இப்படி நகர்ந்து நகர்ந்து வயல் முழுவதும் எருவாகிவிடும். எந்த உர மூட்டையும் அதற்கு ஈடில்லை என்பார்கள். கோவிந்தராசுவின் வயலுக்கு எட்டுச் சதுரம். சாலையோரத்திலிருந்து எண்ணினால் கூடு நான்காவதில் விழுந்தது.

நானூறு ஆடுகள். நானூறு என்றால் ஆயிரத்து அறுநூறு குளம்புகள்.

யாரிடமாவது கேட்க வேண்டும். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள். பேருந்தில் சன்னலை மூடச் சொல்லக்கூடத் தயங்கி நனைந்துகொண்டே போகிறவள். அன்றிரவு வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதி, இருமுறை திருத்தினேன். மறுநாள் மாலை, முதல் பட்டிக்கு வலை கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அதை மனப்பாடமாகக் கொண்டு போனேன். கோவிந்தராசுவும் கிடைக்காரர் முத்திருளும் அங்கே இருந்தார்கள்.

“நான்காவது பட்டியை மட்டும் தவிர்க்க இயலுமா?” என்று ஒப்பித்தேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எழுத்துத் தமிழில் கேட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

“அந்த எடத்துல முட்டை இருக்குங்க,” என்றேன். “இன்னும் பொரிக்கல.”

கோவிந்தராசு கிடைக்காரரைக் கைகாட்டினார். “பட்டி போடுறவரு அவரு. அவரக் கேளு.”

“வயலு ஒங்களுது. நீங்க சொல்ற எடத்துல அடைக்கிறேன். என்னைய இழுக்காதீங்க,” என்றார் முத்திருள். பிறகு என்னிடம், “ஆடு குனிஞ்சு பாத்தா தாயி மிதிக்கும்? மூலையில கெடந்தா ஒதுக்கிரலாம். நட்டநடுவுல போய் இட்டுவச்சிருக்கே.”

“அப்ப ஒரு ராத்திரி சும்மா கிடக்கட்டும்ங்கிறியா?” கோவிந்தராசுவின் குரல் சற்று உயர்ந்தது. “அட, ஒரு ராத்திரி போனாப் போவுது. பயிரு வந்தப்புறம் பாரு. சுத்தி எல்லாம் கருகருன்னு நிக்கும், நடுவுல மட்டும் வழுக்கத்தலை மாதிரி வெளுத்துக் கிடக்கும். பஸ்ல போறவன் பூராப் பாப்பான். கோயிந்தராசுக்கு வயல் பாக்கத் தெரியலம்பான். முப்பது வருசமா என் வயல்ல ஒரு திட்டு விழுந்ததில்ல, தெரியுமா?”

அவர் சொன்னது அகம்பாவம் அல்ல. சாலையோர வயல் இங்கே ஒருவரின் சட்டை மாதிரி. அதில் கறையோடு ஊர் முன்னால் நிற்கச் சொல்கிறேன், ஒரு பறவைக்காக. அந்தப் பறவைக்காகக்கூட இல்லையோ, குஞ்சு பொரிப்பதைக் காட்டவேண்டிய என் நான்காவது படச்சட்டத்துக்காகவோ என்ற ஐயமும் எனக்கு இருந்தது. ஆகவே படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திறந்து நேற்றைய பக்கத்தை நீட்டினேன்.

அவர் உரக்கப் படித்தார். “‘பன்னிரண்டு அஞ்சு, தொட்டியில் நனைந்தது. பன்னிரண்டு ஒன்பது, மறுபடி. பன்னிரண்டு பதினாறு, மறுபடி.’ என்னம்மா இது?”

“வயித்த நனைச்சிட்டு வந்து முட்டை மேல உக்காருதுங்க. சூடு தாங்காதுன்னு.”

“எத்தன தடவ?”

“நேத்து ஒரு மத்தியானத்துக்கு இருபத்தேழு.”

முத்திருள் வலைக்கயிற்றைக் கட்டுவதை நிறுத்தினார். “இருபத்தேழா!” என்றார். “நம்ம மாடு கன்னுகூட அம்புட்டுத் தரம் தண்ணிக்கு நடக்காதுங்க.”

கோவிந்தராசு குறிப்பேட்டை மூடித் தந்தார். வானத்தைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். போய்க்கொண்டிருந்த மயிலாடுதுறைப் பேருந்தை அது மறையும் வரை பார்த்தார்.

“அந்த ஒரு ராத்திரி மந்தைய எங்க அடைக்கிறது?”

“எங்க தோப்புல போடுங்க,” என்று வரப்பிலிருந்து குரல் வந்தது. அத்தை எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. “தென்னைக்கும் ஆச்சு.”

“நாய கட்டிப் போட்ருதேன் தாயி,” என்றார் முத்திருள். “பகல்ல வாய்க்காக் கரையோட ஓட்டிக்கிறேன்.”

“ஒண்ணு சொல்லிட்டேன்,” என்று கோவிந்தராசு என்னை நோக்கி விரலை நீட்டினார். “பயிரு வெளுத்து, எவனாவது ஏன்னு கேட்டான்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீதான் வந்து பதில் சொல்லணும்.”

சரி என்று தலையாட்டினேன். தஞ்சாவூரில் இருக்கப் போகிறவளுக்கு அது எளிய வாக்குறுதியாகத் தோன்றியது.

நாகூரில் இருந்தபோது

நான்காம் இரவு மந்தை தோப்பில் தங்கியது. அத்தை காலையில் வாசல் தெளிக்க வந்து, “நானூறு பேருக்குக் கல்யாண வீடு நடத்துன மாதிரி இருக்குடி,” என்றாள். வயலில் பட்டிகள் கூட்டைத் தாண்டி நகர்ந்தன. மூன்று பக்கமும் ஆட்டுப்புழுக்கை கறுத்துக் கிடக்க, நடுவில் வெறும் வெடித்த மண், அதன் மேல் பறவை, அசையாமல்.

முட்டை எப்போது இடப்பட்டது என்று தெரியாததால் எப்போது பொரியும் என்றும் தெரியவில்லை. நகராமல் காத்திருந்தேன். சீர்காழிக்குப் போய்க் கோபுர நிழலைப் படம் பிடிக்கும் திட்டத்தைத் தள்ளிவைத்தேன். ஆனால் நாகூர்ப் பயணத்தைத் தள்ளிவைக்க முடியவில்லை. மாமாவுக்கு விசா புதுப்பித்துக் கிடைத்தால் நாகூருக்கு வருவதாக அத்தை வேண்டியிருந்தாள். ஞாயிறு பூசையைத் தவறவிடாத அத்தை, நாகூர் ஆண்டவருக்கு வேண்டியதையும் தவறவிடமாட்டாள். “ஒருநாள் போனா ஒன் குருவி ஓடிராது, வா,” என்றாள்.

போனேன். மினாராக்களைச் சுற்றும் புறாக்கள், குளத்துப் படியில் காயும் சிவப்புச் சேலை, உப்புக் காற்றில் சுருண்ட ரோஜா இதழ்கள். நல்ல படங்கள் பல கிடைத்தன. அவற்றுள் ஒன்றைத்தான் என் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறேன்: இரு கைகளிலும் சர்க்கரைப் பொட்டலத்தோடு அத்தை, ஒரு புறாவிடம் வழி கேட்பவள்போல் குனிந்திருக்கிறாள்.

மாலை வந்து இறங்கியபோது கோவிந்தராசு பேருந்து நிறுத்தத்திலேயே நின்றிருந்தார்.

“எங்க போயிட்ட? காலையிலயே பொரிச்சிடுச்சு! எந்திரிச்சு நடக்குதுவோ, தாயி பின்னாடியே! தீக்குச்சியில காலு வச்ச மாதிரி!”

வயலுக்கு ஓடினேன். குழியில் ஒரே ஒரு முட்டை இருந்தது. குளிர்ந்திருந்தது. ஆள்காட்டிக் குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்தில் கூட்டை விட்டு நடந்துவிடும் என்று நூல்களில் படித்திருந்தேன். படித்தது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு முட்டை ஏன் பொரியவில்லை என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பதினொரு நிமிடம் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம்.

“மூணு தப்பிச்சுதுல்ல,” என்றார் பின்னாலேயே வந்த கோவிந்தராசு. “நான் புடிச்சி வச்சிருக்கேன் பாரு.”

தம் கைபேசியை நீட்டினார். படத்தின் கால் பகுதியை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. மீதியில், கலங்கிய மண்நிறப் பரப்பில், மூன்று மங்கலான பஞ்சுப் பொட்டுகள். ஒன்று பாதி ஓட்டத்தில் இருந்தது.

“தெளிவா இல்லியோ?”

“நல்லா இருக்குங்க,” என்றேன். “எனக்கு அனுப்புறீங்களா?”

அந்தக் கோடையில் நான் கேட்டுப் பெற்ற இரண்டாவது பொருள் அது.

வெளுத்த சதுரம்

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் பேருந்தில் போனேன். வாய்க்காலில் புதுத்தண்ணீர் செங்காவி நிறத்தில் ஓடியது. குறுவை நெல் தூர்கட்டிக் கிளைத்து நின்றது. நிறுத்தத்துக்கு முன்பே, சன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டேன்.

கோவிந்தராசுவின் வயல் கரும்பச்சையாக இருந்தது. அதன் நடுவே ஒரு சதுரம் மட்டும் இளமஞ்சள் கலந்த பச்சை. உழுது, பரம்படித்து, நட்ட பிறகும் அதன் விளிம்புகள் முற்றிலும் கலையவில்லை. யாரோ கைக்குட்டையை விரித்துவிட்டு எடுக்க மறந்ததுபோல் இருந்தது.

இறங்கியவுடன் சாலையோரத்திலிருந்தே எடுத்தேன். முக்காலி வேண்டியிருக்கவில்லை. துறை வராந்தாவில் பின்னர் தொங்கியவை இவைதான். முதல் சட்டத்தில் நான்கு முட்டைகள், இரண்டாவதில் வயிறு நனைந்த பறவை, மூன்றாவதில் கோவிந்தராசு எடுத்த படம், அவருடைய கட்டைவிரலோடு. நான்காவது இந்தச் சதுரம்.

“வந்துட்டியா?” என்று வரப்பிலிருந்து எழுந்துவந்தார் கோவிந்தராசு. அவர் மேலும் பேசுவதற்குள், என் பின்னால் பேருந்திலிருந்து இறங்கிய வெளியூர்ப் பெரியவர் ஒருவர் சாலையில் நின்றுவிட்டார். வயல் பார்த்துப் பழகிய கண். நெற்றியில் கைவைத்து நோக்கினார்.

“என்னய்யா, பயிரு அருமையா நிக்குது. நடுவுல மட்டும் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? அந்த எடத்துல கிடை போடலியா?”

கோவிந்தராசு கைகளைக் கட்டிக்கொண்டார். “அது எனக்குத் தெரியாதுங்க. பதில் சொல்ற ஆளு இப்பத்தான் பஸ்ல வந்து எறங்கியிருக்கு. கேளுங்க.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். வேறு சமயமாக இருந்தால் கேமராவை முகத்துக்கு உயர்த்தியிருப்பேன். தாழ்த்தினேன். வாக்கியம் எதுவும் தயாராக இல்லை.

“அது ஆக்காட்டியோட எடம்ங்க,” என்றேன். “கிடை வந்தப்ப அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்காக இவங்க ஒரு பட்டிய விட்டுக் குடுத்தாங்க.”

பெரியவர் சதுரத்தை மறுபடியும் பார்த்தார். அவசரப்படாமல், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பார்த்தார்.

“பொரிச்சுதா?”

“மூணு.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.